நான்காம் நிலையை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் தங்கள் அறிவியல் இணைப்பில் புரதங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மகிழ்ச்சியோடு, இரண்டாம் முறை கையில் சிவப்புப் பேனாவோடு. 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பாதி டேவிட் பேக்கருக்கும், மறுபாதி டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் போனதைச் சரியாகவே எழுதியிருந்தீர்கள். அமினோ அமில வரிசையை மட்டும் கொடுத்தால் புரதம் எப்படி மடியும் என்று கணினியே சொல்லிவிடுகிறது என்பதையும் பள்ளிப் பிள்ளைக்குப் புரியும்படி விளக்கியிருந்தீர்கள். என் வழக்கு இரண்டே இடத்தில்தான். ஒன்று, “புரதங்களின் வடிவம் என்ற புதிர் இத்துடன் முழுவதும் அவிழ்ந்துவிட்டது” என்ற வரி. இன்னொன்று, பக்கத்தின் நடுவில் பெரிதாகப் போட்டிருந்த சிவப்புச் சுருள் படம். அதன் கீழே “ஹீமோகுளோபின்” என்று அச்சிட்டிருந்தீர்கள். அது ஹீமோகுளோபின் அல்ல, அதில் கால் பங்கு.

நான் நெல்லிக்குப்பத்துக்காரன். சர்க்கரை ஆலை ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கரும்புச் சாற்றில் ‘பிரிக்ஸ்’ (கரைந்த திடப்பொருள்) எவ்வளவு, ‘போல்’ (அதில் சர்க்கரை) எவ்வளவு என்று அளந்து அளந்தே தலை நரைத்தது. புரதம் என் துறை அல்ல. ஆனால் அத்தனை காலம் நான் சர்க்கரையோடு இருந்ததற்கு இப்போது சர்க்கரை என்னோடு இருக்கிறது. தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன், அதுவும் ஒரு புரதம்தான். தவிர, என் பேத்தி காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் உயிர்த்தகவலியல் முதுகலை படிக்கிறாள். சனிக்கிழமை பஸ் பிடித்து வந்தால் ஞாயிறு மாலை வரை வீட்டில் இருப்பாள். உங்கள் படத்தை முதலில் பார்த்துச் சிரித்தவள் அவள்தான்.

“தாத்தா, மற்ற மூன்று பேர் எங்கே?” என்று கேட்டாள்.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. நம் ரத்தத்தில் ஓடும் ஹீமோகுளோபின் நான்கு சங்கிலிகள் சேர்ந்தது. 141 அமினோ அமிலங்கள் கொண்ட ஆல்ஃபா சங்கிலி இரண்டு, 146 கொண்ட பீட்டா சங்கிலி இரண்டு. தனியாக ஒற்றைச் சங்கிலியாக இருந்து ஆக்சிஜனைப் பிடிப்பது தசையிலுள்ள மயோகுளோபின். 1962இல் மேக்ஸ் பெருட்ஸுக்கும் ஜான் கென்ட்ருவுக்கும் வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்து கொடுக்கப்பட்டதே இந்த இரண்டு புரதங்களின் அமைப்பைக் கண்டதற்காகத்தான். பெருட்ஸ் நான்கு சங்கிலிக்காரர், கென்ட்ரு ஒற்றைச் சங்கிலிக்காரர். உங்கள் படம் பெருட்ஸின் பெயரில் கென்ட்ருவின் சரக்கைப் போல நிற்கிறது.

மேல்நிலைப் பள்ளிப் பாடத்தில் புரத அமைப்புக்கு நான்கு நிலைகள் என்று படிக்கிறார்கள். வரிசை முதல் நிலை. சுருளும் தகடும் இரண்டாம் நிலை. ஒரு சங்கிலி முழுதும் மடிந்து நிற்பது மூன்றாம் நிலை. மடிந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய உருவமாவது நான்காம் நிலை. உங்கள் கட்டுரை மூன்றாம் நிலையோடு இறங்கிக்கொண்டது. பண்ருட்டிக்கு டிக்கெட் வாங்கிவிட்டு நெல்லிக்குப்பத்திலேயே இறங்கியவர், பலாப்பழம் எங்கே என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இதில் என்ன பெரிய வேறுபாடு என்று கேட்கலாம். அரிவாள் செல் ரத்தசோகையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாநிலத்தில் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் உள்ள நோய். பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலம் இருக்க வேண்டும், அங்கே வேலின் இருக்கிறது. அந்த ஒரே ஒரு மாற்றத்தை 1950களின் நடுவில் வெர்னான் இங்கிராம் கண்டுபிடித்தார். மாறிய சங்கிலியையும் மாறாத சங்கிலியையும் தனித்தனியாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அச்சு அசல் ஒன்றாகவே இருக்கும். கேடு சங்கிலிக்குள் இல்லை. ஆக்சிஜனை இறக்கி வைத்ததும், ஒரு மூலக்கூறின் வேலின் பக்கத்து மூலக்கூறின் குழியில் போய் மாட்டிக்கொள்கிறது. அப்படியே நூல் நூலாகக் கோத்துக்கொண்டு செல்லையே அரிவாளாக வளைத்துவிடுகிறது. நோய் முழுவதும் சேர்க்கையில் இருக்கிறது.

நோயில்லாத ஹீமோகுளோபினிலும் இதே கதைதான். ஆக்சிஜன் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒவ்வொரு சங்கிலியும் தனக்குள் மாறுவது கொஞ்சம். ஆனால் ஓர் ஆல்ஃபா-பீட்டா பாதி மற்றப் பாதியைப் பார்த்துச் சுமார் 15 பாகை திரும்புகிறது. நுரையீரலில் ஏற்றி விரலில் இறக்கும் சாமர்த்தியம் அந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறது. ஒற்றைச் சங்கிலியை மட்டும் பார்ப்பவருக்கு இது கண்ணில் படாது.

என் இன்சுலினும் அப்படியே. கணையத்தில் அது ஆறு ஆறாகச் சேர்ந்து, நடுவில் இரண்டு துத்தநாக அயனிகளோடு பத்திரமாக இருக்கிறது. வேலை செய்வது தனித்தனியாகப் பிரிந்த பிறகு. 1996இல் சந்தைக்கு வந்த லிஸ்ப்ரோ வகையில் பீட்டா... மன்னிக்கவும், இன்சுலினின் இரண்டு சங்கிலிகளில் ஒன்றான பி சங்கிலியின் 28, 29ஆம் இடங்களில் உள்ள புரோலினையும் லைசினையும் இடம் மாற்றி வைத்தார்கள், அவ்வளவுதான். அலகுகளின் பிடிப்பு தளர்ந்து சீக்கிரம் பிரிகின்றன, மருந்து விரைவில் வேலை செய்கிறது. பழைய வகையைப் போட்டுவிட்டு அரைமணி நேரம் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த எனக்கு, நான்காம் நிலையின் அருமையை யாரும் பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, சேர்க்கை முக்கியம் என்று ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி வருகிறது. இரண்டு சேர்க்கைகள் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று எப்படிப் பார்ப்பது? உங்கள் கட்டுரை தொடாத இடம் இதுதான். நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததும் இதற்காகத்தான்.

அன்று மாலை பேத்தி மடிக்கணினியைத் திண்ணையில் வைத்துக்கொண்டு எனக்கு இரண்டு புரதங்களைக் காட்டினாள். இரண்டும் லெக்டின் வகை, அதாவது சர்க்கரையைப் பார்த்துப் பிடித்துக்கொள்பவை. (சர்க்கரை என்றதும் நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.) ஒன்று நம் மல்லாட்டையிலிருந்து எடுத்தது. வெளியூர் வாசகர்களுக்காக நிலக்கடலை என்றும் எழுதிவிடுகிறேன். மற்றது வாளவரையின் நெருங்கிய உறவான ஓர் அவரை விதையிலிருந்து எடுத்த கான்கனவாலின்-ஏ. இரண்டிலும் நான்கு நான்கு அலகுகள். ஒவ்வோர் அலகையும் தனியாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தபோது சகோதரர்கள்போலப் பொருந்தின. நான்கையும் சேர்த்து வைத்ததும் கதை மாறியது. ஒரு சகோதரனை உட்கார வைத்தால் மற்றவர்கள் வேறெங்கோ போய் நிற்கிறார்கள்.

ஒரே மாதிரி நான்கு அலகுகள் சேர்ந்தால் வழக்கமாக ஒரு மூடிய ஒழுங்கு இருக்கும். நான்கு பேரும் வட்டமாக உட்கார்ந்ததுபோல ஒன்று. இரண்டு இரண்டாக எதிரெதிரே, எந்தப் பக்கம் அரைச் சுற்றுச் சுற்றினாலும் இடம் மாறிப் பொருந்துவதுபோல இன்னொன்று. கான்கனவாலின் இந்த இரண்டாம் வகை. மல்லாட்டை லெக்டின் இரண்டிலும் சேராது. அதன் இரு பாதிகளை ஓர் அச்சு இணைக்கிறது. ஒவ்வொரு பாதிக்குள்ளும் இரண்டு அலகுகளை வேறோர் அச்சு இணைக்கிறது. ஆனால் இந்த அச்சுகள் ஒன்றோடொன்று கூடி வட்டத்தை மூடுவதில்லை. மூலை சேராத கட்டில் சட்டம்போல நிற்கிறது. எங்கள் தெருத் தச்சர் பார்த்தால் பிரித்து மறுபடி அடிக்கச் சொல்வார். மல்லாட்டைச் செடி அதையே விதைக்கு விதை செய்துகொண்டிருக்கிறது.

இதைக் கண்டு சொன்னவர்கள் யார் என்று கேட்டேன். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயன் குழு, 1994இல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்கள் முழுப் பக்கக் கட்டுரையில் இந்தியப் பெயர் ஒன்றுகூட இல்லையே! விஜயன் 1941இல் கேரளத்தில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் டோரதி ஹாட்ஜ்கினின் குழுவில், நான் போட்டுக்கொள்ளும் அதே இன்சுலினின் அமைப்பை ஆராய்ந்துவிட்டு 1971இல் பெங்களூரு வந்தார். 2022இல் மறைந்தார். அவருக்கு முன்பே, 1954இல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் தோலுக்கும் எலும்புக்கும் வலுக் கொடுக்கும் கொலாஜன் மூன்று இழைகள் சேர்ந்தது என்று சொல்லியிருந்தார்கள். தேவனாம்பட்டினத்துக் கரையில் எந்த மீனவரைக் கேட்டாலும் முப்புரிக் கயிற்றின் வலு அவருக்குத் தெரியும். அதையே மூலக்கூறில் கண்டவர்கள் நம் சென்னையில் இருந்தார்கள். புரத வடிவம் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதி இவர்களை விட்டுவிடுவது எப்படிச் சரியாகும்?

மல்லாட்டை ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்த விஷயம் வேறு. அதற்கு முன்னால் 1991இல், நம் கல்யாண முருங்கையின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் லெக்டினை ஆராய்ந்தவர்கள், அதன் அலகுகள் வழக்கத்துக்கு மாறாகச் சேர்ந்திருப்பதற்கு அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலியே காரணம் என்று கருதினார்கள். மல்லாட்டை லெக்டினில் அப்படி ஒட்டிய சர்க்கரை கிடையாது. இருந்தும் அது தன் போக்கில் வேறு மாதிரி சேர்ந்திருக்கிறது. ஆக, சேரும் விதம் மாறுவதற்குச் சர்க்கரைதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை, அது புரதத்துக்குள்ளேயே எழுதியிருக்கலாம் என்று ஆனது. வாழ்நாளெல்லாம் சர்க்கரைமேல் பழி விழுவதைப் பார்த்தவன் நான். ஒரு வழக்கிலாவது அது விடுதலையானதில் எனக்குத் திருப்தி.

இனி கருவிகள். இரண்டு தனிச் சங்கிலிகளை ஒப்பிடுவது பழைய வேலை. ஒன்றைத் திருப்பி, நகர்த்தி, மற்றதன்மேல் வைத்து, ஒத்த அணுக்களுக்கு இடையே சராசரி விலகல் எத்தனை ஆங்ஸ்ட்ராம் (மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) என்று பார்ப்பார்கள். ஆனால் ஒரு வால் மட்டும் விலகித் தொங்கினாலும் அந்தச் சராசரி கெட்டுவிடும். அதனால் யாங் ஜாங், ஜெஃப்ரி ஸ்கோல்னிக் இருவரும் 2004இல் டிஎம்-ஸ்கோர் என்ற மதிப்பெண்ணைக் கொண்டுவந்தார்கள். 0 முதல் 1 வரை, 0.5க்கு மேல் வந்தால் பெரும்பாலும் ஒரே வகை மடிப்பு.

சேர்க்கைகளை ஒப்பிடும்போது அதற்கு முன்னால் ஒரு பொருத்தம் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தப் புரதத்தின் எந்தச் சங்கிலிக்கு அந்தப் புரதத்தின் எந்தச் சங்கிலி சோடி? புரதத்தின் அமைப்பை எழுதி வைத்த கணினிக் கோப்பில் ஏ, பி, சி, டி என்று பெயர் இருக்கும். ஆனால் அந்தப் பெயரை வைத்தவர் புரதத்தைப் படிகமாக்கி அதன் அமைப்பை ஆராய்ந்தவர், புரதத்துக்கு அது தெரியாது. இங்கே ஏ என்பவன் அங்கே சி ஆக இருக்கலாம். நான்கு சங்கிலி என்றால் 24 விதமாகச் சோடி சேர்க்கலாம், கையாலேயே பார்த்துவிடலாம். எட்டு என்றால் 40,320. பன்னிரண்டு என்றால் 47 கோடியே 90 லட்சத்து 1,600. இரும்பைச் சேமித்து வைக்கும் ஃபெரிட்டினுக்கு 24 அலகுகள். அதற்குக் கணக்குப் போட்டால் 6.2க்குப் பின்னால் பத்தின் அடுக்கு 23 வருகிறது. வேதியியல் படித்தவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்பார்கள். ஒரு மோலில் எத்தனை துகள் என்று சொல்லும் அவகாட்ரோ எண்ணைவிடச் சற்றே பெரியது! பேத்தி அடுத்த படத்துக்குப் போய்விட்டாள், நான் காகிதத்தில் மறுபடி ஒருமுறை பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை சோடியையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க எந்தக் கணினியாலும் ஆகாது. குறுக்கு வழி கண்டுபிடித்ததுதான் இந்தக் கருவிகளின் சாமர்த்தியம். 2009இல் வந்த எம்எம்-அலைன் எல்லாச் சங்கிலிகளையும் முனையோடு முனை கோத்து ஒரே நீளச் சங்கிலியாக்கி ஒப்பிட்டது. ஆனால் ஒரு சங்கிலியின் பாதி இந்தச் சங்கிலியோடும் மீதி அந்தச் சங்கிலியோடும் பொருந்திவிடாதபடி வேலி போட்டது. 2022இல் யுஎஸ்-அலைன் வந்தது. அது ஆர்என்ஏ, டிஎன்ஏ கலந்த சேர்க்கைகளையும் எடுத்துக்கொள்கிறது. முதலில் ஒவ்வொரு சங்கிலியையும் எதிர்ப்பக்கத்து ஒவ்வொரு சங்கிலியோடும் ஒப்பிட்டு, அதில் நல்ல பொருத்தங்களை வைத்துக்கொண்டு மேலே போகிறது.

எனக்குப் பிடித்தது 2025இல் வெளியான ஃபோல்டுசீக்-மல்டிமரின் உத்தி. சங்கிலிக்குச் சங்கிலி ஒப்பிடும்போது ஒவ்வொரு சோடிக்கும் “இதை இவ்வளவு திருப்பு, இவ்வளவு நகர்த்து, அதன்மேல் உட்காரும்” என்று ஒரு குறிப்புக் கிடைக்கும் அல்லவா? உண்மையிலேயே ஒன்றுபோன்ற சேர்க்கையாக இருந்தால், சரியான சோடிகள் எல்லாம் ஒரே குறிப்பைத்தான் சொல்ல வேண்டும். ஒரே குறிப்பைச் சொல்பவை ஒரு கூட்டமாகச் சேரும், தவறான சோடிகள் ஆளுக்கொரு திசையைக் காட்டிச் சிதறிவிடும். கூட்டத்தைப் பிடித்தால் விடை கிடைத்துவிட்டது. பஞ்சாயத்தில் பொய்ச்சாட்சிகளைக் கண்டுபிடிக்கும் வழியும் இதுவே அல்லவா! உண்மை சொல்பவர்கள் சொல்வது ஒன்றாக இருக்கும்.

மதிப்பெண்ணைப் படிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. அதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் பையன்களிடம் நான் முதலில் கேட்பது, “எதால் வகுத்தாய்?” என்றுதான். சாற்றில் பிரிக்ஸ் 18, போல் 15 என்று வையுங்கள். சாற்றின் எடையில் பார்த்தால் சர்க்கரை நூற்றுக்கு 15. கரைந்த திடப்பொருளில் பார்த்தால், அதாவது தூய்மை, நூற்றுக்கு 83.3. இரண்டும் உண்மை. எதால் வகுத்தோம் என்று சொல்லாவிட்டால் இரண்டும் பொய். டிஎம்-ஸ்கோரும் அப்படியே. இரண்டு அலகு கொண்ட ஒரு சேர்க்கை, நான்கு அலகு கொண்ட இன்னொன்றின் பாதிக்குள் கச்சிதமாகப் பொருந்துகிறது என்றால், சிறியதன் நீளத்தால் வகுத்தால் மதிப்பெண் 1ஐத் தொடும். பெரியதால் வகுத்தால் அரையைச் சுற்றி நிற்கும். நிரல் இரண்டையுமே அச்சிட்டுக் காட்டுகிறது. பார்க்கும் ஆள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறான்.

சங்கிலியை எண்ணுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அதற்காகப் பலாக்கொட்டைக்கு வருகிறேன். பண்ருட்டிப் பக்கம் எங்களுக்கு மூன்று பலா மரங்கள் இருந்தன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இரண்டைச் சாய்த்துவிட்டது, ஒன்று நிற்கிறது. அதன் கொட்டையில் ஜாக்கலின் என்று ஒரு லெக்டின் இருக்கிறது. அதன் அமைப்பையும் விஜயன் குழுவே 1996இல் வெளியிட்டது. நான்கு அலகுகள். ஆனால் கோப்பைத் திறந்து எண்ணினால் எட்டுச் சங்கிலி! விதைக்குள் உருவானபின் ஒவ்வோர் அலகும் வெட்டுப்பட்டு, 133 அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய துண்டும் சுமார் 20 கொண்ட சின்னத் துண்டுமாகி, இரண்டும் ஒட்டியே இருக்கின்றன. அதே கொட்டையில் ஆர்ட்டோகார்ப்பின் என்று இன்னொரு லெக்டின். அதே மடிப்பு, அதே நான்கு அலகு, வெட்டு மட்டும் இல்லை. அதனால் அதில் நான்கே சங்கிலி. சங்கிலியை எண்ணும் நிரலுக்கு ஒன்று எட்டு, மற்றது நான்கு. பார்க்கத் தெரிந்தவருக்கு இரண்டும் அண்ணன் தம்பி. அந்த வெட்டு வீண் வெட்டும் அல்ல. அதனால் பிறந்த புதிய முனைதான் ஜாக்கலினைக் காலக்டோஸ் என்ற சர்க்கரையைப் பிடிக்க வைக்கிறது. ஆர்ட்டோகார்ப்பின் மேனோஸ் என்ற வேறு சர்க்கரையைப் பிடிக்கிறது. முக்கனியில் இன்னொன்றான வாழைப்பழத்திலும் இதே மடிப்பில் ஒரு லெக்டின் உண்டு. அது இரண்டே அலகோடு நின்றுகொள்கிறது. ஒரே மடிப்பு, மூன்று கணக்கு. மூன்றாம் நிலையில் நின்றவருக்கு இந்த மூன்றும் ஒன்றாகத்தான் தெரியும்.

கோப்பைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. புரத அமைப்புகள் சேரும் பொதுக் கிடங்கு 1971இல் வெறும் ஏழு அமைப்புகளோடு தொடங்கி, இன்று இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதில் படிகத்தைக் கொண்டு கண்ட அமைப்புகளுக்கு, படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய பகுதியை மட்டும் எழுதி வைப்பது வழக்கம். குதிரை ஹீமோகுளோபினின் பழைய கோப்புகளில் ஓர் ஆல்ஃபா, ஒரு பீட்டா, அவ்வளவே இருக்கும். மறுபாதியைச் சமச்சீர் விதிப்படி நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் கோப்பை அப்படியே ஒப்பிட்டால் அரைக் குதிரையை முழுக் குதிரையோடு ஒப்பிட்டதாகும். சில இடங்களில் இதற்கு நேர்மாறு. படிகத்தில் இடம் நெருக்கியதால் தொட்டுக்கொண்டு நிற்கும் இரண்டு மூலக்கூறுகள் உண்மையில் ஒருவரை ஒருவர் அறியாதவர்களாக இருக்கும், திருவிழாக் கூட்டத்தில் தோள் உரசுபவர்களைப் போல. உறவா, உரசலா என்று அவை தொட்டுக்கொள்ளும் இடத்தின் பரப்பையும் ஆற்றலையும் கணக்கிட்டுச் சொல்லும் ‘பீசா’ என்ற நிரலை 2007இல் கிரிஸ்ஸினெல், ஹென்ரிக் என்ற இருவர் வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு இம்மானுவேல் லெவியும் கேம்பிரிட்ஜ் நண்பர்களும், ஒவ்வொரு சங்கிலியையும் ஒரு புள்ளியாகவும் தொடும் இடத்தை ஒரு கோடாகவும் வரைந்து, தெரிந்த சேர்க்கைகளை வகைப்படுத்தினார்கள். பேத்தி அந்தப் படங்களைக் காட்டியபோது என் மனைவி எட்டிப் பார்த்து, “இது என்ன, மார்கழிக்கா?” என்று கேட்டாள்.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். சேர்க்கையையும் கணினியால் கணிக்கிறார்கள். ஹசாபிஸ், ஜம்பர் குழுவின் கணிப்பு நிரலான ஆல்ஃபாஃபோல்டில், சேர்க்கைகளுக்கான ஆல்ஃபாஃபோல்டு-மல்டிமர் 2021இல் வந்தது. 2024இல் வந்த ஆல்ஃபாஃபோல்டு 3 இன்னும் ஒரு படி மேலே போனது. ஆனால் 2022இல் வெளியிடப்பட்டு உலகமே கொண்டாடிய 20 கோடிக்கும் மேற்பட்ட கணிப்புகள் ஒற்றைச் சங்கிலிகளுக்கானவை. சேர்க்கையைக் கணித்தால், அது சரியா என்று எப்படிச் சொல்வது? சோதனையில் கண்ட சேர்க்கையோடு ஒப்பிட்டுத்தான். சங்கிலிகள் சேரும் விதத்தை விடை தெரியாமல் கணிக்கச் சொல்லும் காப்ரி என்ற தேர்வு 2001 முதல் நடக்கிறது. அதன் விடைத்தாள்களைத் திருத்துவதற்கென்றே டாக்கியூ போன்ற மதிப்பெண்கள் இருக்கின்றன. தேர்வு எழுதியவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதினீர்கள், திருத்துபவரைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

எனவே என் வேண்டுகோள். முதலில், அடுத்த இணைப்பில் படத்துக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அரைப் பக்கம் வேண்டாம், இரண்டு அங்குலம் போதும். இனி எந்தப் புரதத்தின் படம் போட்டாலும் அது முழுச் சேர்க்கையா, ஒரு சங்கிலியா என்று கீழே சொல்லுங்கள். “முழுவதும் அவிழ்ந்துவிட்டது” என்ற வரியை நீங்களே எடுத்துவிட்டால் நல்லது, எடுக்காவிட்டால் என் சிவப்புப் பேனா எடுத்துவிட்டது. பிறகு, மல்லாட்டையையும் பலாக்கொட்டையையும் வைத்து ஒரு கட்டுரை போடுங்கள். நான் சொன்ன யுஎஸ்-அலைனும் ஃபோல்டுசீக்கும் காசு கொடுக்காமல் கிடைப்பவை. விருத்தாசலத்திலோ சிதம்பரத்திலோ ஒரு கல்லூரி மாணவர் சாதாரண மடிக்கணினியில் இரண்டு லெக்டின்களை ஒப்பிட்டுவிடலாம். எங்கள் திண்ணையில் மின்சாரம் ஒருமுறை போய் வந்ததற்கு இடையில் அது முடிந்துவிட்டது. எழுத ஆள் கிடைக்காவிட்டால் என் பேத்தியைக் கேட்கிறேன். அவள் எழுதினால் சுருக்கமாக இருக்கும் என்பதற்கு நான் உத்தரவாதம். இந்தக் கடிதத்தின் நீளத்தைப் பார்த்து அவள் ஏற்கெனவே தலையில் அடித்துக்கொண்டுவிட்டாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சர்க்கரை ஆலை ஆய்வக வேதியியலர்,
நெல்லிக்குப்பம், கடலூர் மாவட்டம்.

பின்குறிப்பு: திருத்தப் படத்தில் ஆல்ஃபா இரண்டுக்கும் ஒரு நிறம், பீட்டா இரண்டுக்கும் வேறு நிறம் கொடுக்கச் சொல்கிறாள் பேத்தி. நான்கையும் சிவப்பில் போட்டால் மறுபடி எழுதுவேன்.